எட்டு ஐம்பத்திரண்டு ரயில்

முதல் வாரம் முழுக்க
யதுர்ஷன் மேசைக்குக் கீழேதான் இருந்தான்.
இடாப்பில் அவன் பெயருக்கு நேரே
'சமுகமில்லை' என்று எழுதப்போய்
அழித்தேன்.
இருக்கிறானே.
சப்பாத்து நுனி தெரிகிறதே.

வெள்ளவத்தையில்
கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே
ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் நேர்சரி.
ஒரு பக்கம் தண்டவாளம்.
மறுபக்கம் கட்டி முடியாத தொடர்மாடி,
சுவரைத் துளைத்தபடி.
ஒன்பதரைக்கு சூன் பாண் ஆட்டோ
தனக்குத் தெரிந்த ஒரே மெட்டைத்
தகரத் தொண்டையால் இழுத்துக்கொண்டு வரும்.
எனக்கு அது பசி.
அவனுக்கு அது
காதுக்குள் போன எறும்பு.

கையைக் கட்டு வாயைப் பொத்து என்று
பதினொரு வருடம் சொன்னவள் நான்.
காதைப் பொத்துகிற பிள்ளைக்கு
என்ன சொல்வது?
சான்றிதழ் தந்தவர்கள்
அதைச் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் வாரம் கண்டேன்,
பிடரியில் சிவந்த கீறல்.
சட்டையின் உட்புறம்
விரல் நகமளவு லேபல்.
பவதாரணியிடம் காட்டினேன்.
இரத்மலானையில், ஆடைத் தொழிற்சாலையில்,
லேபல் பிரிவில் வேலை அவளுக்கு.
"ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு தைக்கிறன் டீச்சர்,"
சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து
வாசற்படியிலேயே குந்தி
தையல் தையலாய்ப் பிரித்தாள்.
எந்த நூலை இழுத்தால் மற்றது விடும் என்று
தைக்கிறவளுக்குத் தெரியும்.
வேலைக்குப் பிந்திப் போனாள் அன்று.

அவன் வெளியே வரவில்லை.
ஆகவே நான் உள்ளே போனேன்.
நாற்பத்தாறு வயது முழங்கால்
முறைப்பாடு செய்தது.
மேசைக்குக் கீழே வேறொரு வகுப்பறை:
கதிரைக் கால்களின் காடு,
யாரோ ஒட்டிவைத்த சுவிங்கம்,
சீமெந்தின் குளிர்,
என் குரல் எட்டாத ஒரு மூலை.
(அது எவ்வளவு பெரிய குரல் என்று
அங்கிருந்துதான் தெரிந்தது.)

என் கையை எடுத்தான்.
தரையில் விரித்து வைத்தான்.
தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினான்.
"வருது."
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து
உள்ளங்கைக்குள் ஏதோ மெல்ல ஊர்ந்தது.
அதற்குப் பிறகுதான்
பாணந்துறைப் பக்கமிருந்து ரயில் கத்தியது,
யன்னல் கண்ணாடி நடுங்கியது,
அவன் ஏற்கெனவே காதுகளைப் பொத்தி
ஆயத்தமாக இருந்தான்.

மறுநாள் ஸுமையா தவழ்ந்து வந்தாள்,
என்ன செய்யிறீங்கள் என்று.
பிறகு நெத்மி.
பிறகு இடம் போதவில்லை.
மேசையை நகர்த்தினோம்.
கரும்பலகையில் 'அ' பாதியில் நின்றது,
சுழியோடு, வாலில்லாமல்.
பதினாலு பிள்ளைகள் தரையில்
இருபத்தெட்டு உள்ளங்கைகள்.
வருது என்றான் அவன்.
எனவா என்றாள் நெத்மி.
இரண்டும் ஒரே ரயில்தான்.
"எனக்குப் பல்லில வருது!" என்று
ஒருத்தன் கன்னத்தைத் தரையில் வைத்தான்.
எட்டு ஐம்பத்திரண்டு.

"இண்டைக்குக் கொப்பியில ஒண்டுமில்லையே?"
ஸுமையாவின் வாப்பா கேட்டார்.
மாதக் கட்டணம் நேரத்துக்குக் கட்டுகிறவர்,
கேட்கலாம்.
ரயில் படித்தோம் என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது.
பின்னேரம் போன் எடுத்தார்:
வீட்டுத் தரையில் கை வைத்து
மகள் கேட்கிறாளாம்,
பக்கத்து வீட்டு வோஷிங் மெசின்
எங்கே போகிறது என்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று
சொல்ல வரவில்லை.
சூன் பாண் இன்னும் அவனுக்கு ஆகாது.
மார்கழிக் கலைவிழாவின் மேளத்துக்கு
வேண்டாம் என்று சொல்லிவிட்டான்,
முழுச் சொல்லாக, என் கண்ணைப் பார்த்து.
சரி என்றேன்.
அதிபருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.
சொல்கிறேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு எழும்புகிறான், தானாக.
பின்னறைக்குப் போய்
அரிசி வாளிக்குள் முழங்கை வரை கைவிட்டு நிற்கிறான்.
நான் கூப்பிடுவதில்லை.
கதவைச் சாத்துவதுமில்லை.
மெட்டு ஒழுங்கை முனை திரும்பித் தேய்ந்த பிறகு
கையெல்லாம் வெள்ளைத் தூளோடு வருகிறான்.

இன்று, என் இடாப்பின் மேல்
ஓர் அரிசியை வைத்துவிட்டுப் போனான்.